தம்பிக்காக ஊர் சுத்திக் காட்டின நாள்

திருச்சியைச் சுத்திக் காட்டறதுல என்னை அடிச்சுக்க ஆள் கிடையாது. வெளியூர்லேர்ந்து யார் வீட்டுக்கு விருந்தாளி வந்தாலும், ‘அந்த அக்காவைக் கூட அனுப்புங்க’ன்னுதான் எங்க தெருவுல சொல்லுவாங்க. மலைக்கோட்டையில எப்பக் கூட்டம் குறையும், ஸ்ரீரங்கத்துல எந்தப் பக்கமாப் போனா கால் சுடாது, எல்லாம் எனக்கு அத்துப்படி. அதனால, என் தம்பியைப் பார்க்கப் பொண்ணு வீட்டுலேர்ந்து வர்றாங்கன்னதும் எனக்குத் துளி பயமில்லை. ஊரைக் காட்டியே இந்தச் சம்பந்தத்தை முடிச்சுடுவேன்னு இருந்தேன்.

தம்பியைப் பத்திச் சொல்லணும். முப்பத்தஞ்சு வயசு தாண்டிடுச்சு. துவாக்குடிப் பக்கம் ஒரு கம்பெனியில சூப்பர்வைசர். ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. ஒரே குறை, வாயைத் திறக்க மாட்டான். அப்பா அம்மா போனதுக்கப்புறம் காட்டூர்ல எங்க வீட்டு மாடியிலதான் இருக்கான். இதுக்கு முன்னாடி வந்தவங்க எல்லாருமே நல்லாத்தான் சிரிச்சுப் பேசிட்டுப் போனாங்க. அப்புறம் போனே வராது. ஒரு வீட்ல மட்டும் கூச்சமில்லாம கேட்டாங்க, ‘தம்பிக்குப் பேச்சு ஏதாவது திக்குமா?’ன்னு. எனக்கு வந்த ஆத்திரத்துல அந்தப் போனைத் தூக்கிப் போட்டு உடைச்சிருப்பேன். இனிமே அவனுக்கும் சேர்த்து நானே பேசிடறதுன்னு அன்னிக்கு முடிவு பண்ணேன்.

ஆடி முடிஞ்சு ஆவணி பிறந்ததும் இந்த இடம் வந்துச்சு. திருத்துறைப்பூண்டிக்கு அந்தாண்ட ஒரு கிராமம், விவசாயக் குடும்பம். பொண்ணு அங்கேயே ஒரு ஸ்கூல்ல டீச்சர். கல்யாணம் ஆனா வேலையை விட்டுட்டுத் திருச்சிக்கு வரணும். அதனால, ‘ஊரையும் பார்த்துட்டு முடிவு சொல்றோம்’னு பொண்ணும் அவங்க அம்மாவும் ஒரு ஞாயித்துக்கிழமை பஸ்ல வந்து இறங்கினாங்க. அப்பா வரலை. “வாய்க்கால்லேயே நிக்கிறாருங்க, தண்ணி வருமான்னு பார்த்துக்கிட்டு” என்றார் அந்த அம்மா. நான், “பரவாயில்லைங்க, உள்ள வாங்க” என்று காபியை நீட்டினேன். அவங்க சொன்னது காதுல விழுந்துச்சு, மனசுல ஏறலை.

பேச்சு முடிவாகாத வீட்ல சோத்துல கை நனைக்க மாட்டாங்க, அது எங்க பக்கத்து வழக்கம். காபி, பிஸ்கட்டோட சரி. அதுவும் எனக்கு வசதியாப் போச்சு. மத்தியானச் சாப்பாடு ஸ்ரீரங்கத்துல, அதுக்குள்ள ஊரை ஒரு சுத்துன்னு கணக்குப் போட்டு, நாலு பேரும் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பினோம்.

முதல்ல மலைக்கோட்டை. அந்த அம்மாவுக்கு முழங்கால் வலி இருந்தும் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறி வந்துட்டாங்க. உச்சிப் பிள்ளையார் சன்னதிக்கு வெளியில காத்து அள்ளிக்கிட்டுப் போச்சு. நான் ஆரம்பிச்சேன். “அதோ அது காவிரி. அதுக்கு அப்பால தெரியுதே, அது கொள்ளிடம். ரெண்டுக்கும் நடுவுல பச்சையா இருக்கிறது ஸ்ரீரங்கம். கோபுரத்தை எண்ணிப் பாரும்மா.” பொண்ணு கோபுரத்தை எண்ணலை. தம்பி பக்கம் திரும்பி, “நீங்க இங்க அடிக்கடி வருவீங்களா?” என்று கேட்டாள். அவன் தொண்டையைச் செருமறதுக்குள்ள, “சதுர்த்திக்குச் சதுர்த்தி வந்துடுவான்மா” என்றேன் நான். ஐயோ, பச்சைப் பொய். அவன் மேல ஏறியே பல வருஷம் இருக்கும். என்னை ஒரு பார்வை பார்த்துட்டு ஆத்துப் பக்கம் திரும்பிக்கிட்டான்.

அங்கேர்ந்து பஸ் பிடிச்சு அம்மா மண்டபம். படித்துறையில மேல் படி வரைக்கும் காவிரி நுரைச்சுக்கிட்டுப் போகுது. ஈரச் சேலையோட பொம்பளைங்க, திதி கொடுக்கிறவங்க, சோத்து உருண்டைக்காகக் காத்திருக்கிற காக்கா, நல்ல கூட்டம். எனக்குப் பெருமை தாங்கலை. “மேட்டூர்ல தொறந்தா ரெண்டு மூணு நாள்ல எங்க படி நனைஞ்சுடும். குடிக்க, குளிக்க, எதுக்கும் பஞ்சம் கிடையாது. உங்க பொண்ணு இங்க வந்துட்டா தண்ணிக் கஷ்டம்னா என்னன்னே தெரியாது” என்றேன். அந்த அம்மா கீழ் படியில குனிஞ்சு ஒரு கை தண்ணி அள்ளித் தலையில தெளிச்சுக்கிட்டாங்க. ரொம்ப நேரம் அந்தத் தண்ணியையே பார்த்துக்கிட்டு நின்னாங்க. பக்தியான குடும்பம்னு எனக்கு இன்னும் சந்தோஷம்.

கோயில்ல அன்னிக்குக் கூட்டம் கம்மி. மதிலுக்கு மதில், வீதிக்கு வீதி நான் சொல்லிக்கிட்டே வந்தேன். “ஏழு சுத்து மதிலும்மா. நீ இப்ப நடந்து வந்த கடைத்தெருவும் கோயிலுக்குள்ளதான்” என்றதும் பொண்ணு நின்னு திரும்பிப் பார்த்தாள். பாத்திரக் கடை, பூக்கடை, மாடியில காயற துணி எல்லாம் மதிலுக்குள்ள இருக்கறது அவளுக்குப் பிடிச்சிருந்துச்சு. நெத்தியில திருமண் போட்ட பெரியவர் ஒருத்தர், “பெருமாளைச் சேவிச்சாச்சா? தாயாரைச் சேவிக்காமப் போயிடாதீங்கோ, அந்தப் பக்கம்” என்று கையைக் காட்டினார். தாயாரையும் சேவிச்சுட்டு, ஒரு மெஸ்ல இலை போட்டுச் சாப்பிட்டோம். வத்தக்குழம்பு பிரமாதம். அந்த அம்மா முகமும் தெளிஞ்சிருந்துச்சு. பாதிக் கிணறு தாண்டிட்டோம்னு நினைச்சேன்.

அத்தோட விட்டிருக்கலாம். எனக்கு ஆசை அடங்கலை. கொள்ளிடத்தையும் காட்டியே தீரணும்னு ஆட்டோ பிடிச்சு வடக்கே கூட்டிட்டுப் போனேன். வருஷத்துல பாதி நாள் வெறும் மணலாக் கிடக்கிற ஆறு, அன்னிக்குக் கரைக்குக் கரை செம்மண் நிறத்துல புரண்டு போகுது. நாணல் எல்லாம் தலை சாஞ்சு கிடக்கு. நான் கையை நீட்டி, ஏதோ நானே வெட்டின ஆறு மாதிரி சொன்னேன். “பார்த்தீங்களா? ஆறு ரெண்டாப் பிரியற முக்கொம்பு அணையில எங்களுக்கு வேணுங்கறதைக் காவிரியில வெச்சுக்குவோம். மிச்சத்தை இப்படித் தள்ளி விட்டுடுவோம். நேரா கடலுக்குத்தான்!”

“கடலுக்கா?” என்றார் அந்த அம்மா.

“ஆமாங்க. இவ்வளவு தண்ணியை வெச்சுக்கிட்டு என்ன பண்றது?”

அவங்க என்னைப் பார்த்த பார்வை இருக்கே. கோபம்கூட இல்லை. “எங்க வாய்க்கால் இன்னும் நனையலைங்க. அவரு காலையிலேர்ந்து அங்கதான் நிக்கிறாரு” என்றாங்க. அப்புறம், “நேரமாச்சு, பஸ்ஸைப் பிடிக்கணும்” என்று பொண்ணுகிட்ட சொல்லிட்டு, காலைத் தாங்கித் தாங்கி ரோட்டுப் பக்கம் நடக்க ஆரம்பிச்சாங்க.

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல ஆயிடுச்சு. காவிரித் தண்ணி கடைசியா வந்து சேர்ற கடைமடைக்காரங்ககிட்ட போய் யாராவது இப்படிப் பீத்திக்குவாங்களா? கூடவே ஒரு வீம்பும் வந்துச்சு, நானா மதகைத் தூக்கி விட்டேன்னு. ஆனா வீம்பு பண்ற இடமா அது? தம்பியோட வாழ்க்கை என் வாயாலேயே போச்சு. ஏதாவது சொல்லிச் சரிக்கட்டணும்னு பார்க்கிறேன், வாழ்க்கையிலேயே முதல் தடவையா எனக்கு ஒரு வார்த்தை வரலை.

அப்பத்தான் அவன் குரல் கேட்டுச்சு. பொண்ணுகிட்ட, “உங்க வயலுக்கு எந்த ஆத்துலேர்ந்துங்க பாயுது?” என்று கேட்கிறான்.

“முள்ளியாறு. அதுலேர்ந்து வாய்க்கால். கடைசி வயல் எங்களுது. அதுக்கு அந்தாண்ட உவர்தான், ஒண்ணும் விளையாது.”

“தண்ணி வர்ற வரைக்கும் என்ன பண்ணுவீங்க?”

“புழுதியில விதைச்சுட்டுக் காத்திருப்போம். ஒரு மழை பெஞ்சா முளைச்சுடும். அதுக்கப்புறம் தண்ணி வரலைன்னா கருகிடும்.”

“இப்ப முளைச்சிருக்கா?”

“முளைச்சிருக்கு.” அவள் குரல் கம்மிடுச்சு. “அப்பாவுக்குத் துணைக்கு யாரு இருக்காங்க?” என்று கேட்டான். அவள் சொல்ல ஆரம்பிச்சாள். அவளோட தம்பி துபாய்ல இருக்கறது, தான் ஸ்கூல் விட்டு வந்து அப்பாவுக்கு டார்ச் லைட்டும் சாப்பாடும் எடுத்துட்டுப் போறது, என்னென்னவோ. அவன் கேட்டுக்கிட்டே கூட நடந்தான். இதுதான் சமயம்னு நானும் நடுவுல புகப் போனேன். ரோட்டோரக் கல்லுல உட்கார்ந்திருந்த அந்த அம்மா என் கையைப் பிடிச்சு, “விடுங்க, பேசட்டும்” என்றாங்க.

சாயங்காலம் அவங்களைப் பஸ் ஏத்தி விட்டோம். திங்கள் போன் வரலை. செவ்வாயும் வரலை. நான் சாமி படத்துக்கு முன்னாடி போய் நின்னு சண்டையே போட்டேன். பேசினது நான், தண்டனை அவனுக்கான்னு.

புதன்கிழமை நான் சமையக்கட்டுல இருக்கும்போது அந்த அம்மா கூப்பிட்டாங்க. எடுத்ததும், “வாய்க்கால்ல தண்ணி வந்துச்சாங்க?” என்றுதான் கேட்டேன். “இன்னும் வரலைங்க. இருங்க, இவ பேசணுங்கறா” என்று பொண்ணுகிட்ட கொடுத்துட்டாங்க.

“அக்கா, இந்த ஞாயித்துக்கிழமை நான் மறுபடி வரேன். முக்கொம்பு பார்க்கணும்.”

எனக்குத் தலைகால் புரியலை. “அதுக்கென்னம்மா! காலையிலேயே வந்துடு. நான் புளிசோறு கட்டி எடுத்துக்கறேன், அங்க அணைக்குப் பக்கத்துலேயே...”

“அக்கா.” கொஞ்சம் தயங்கினாள். “தப்பா நினைச்சுக்காதீங்க. நீங்க வர வேண்டாம். நீங்க இருந்தா அவங்க பேச மாட்டேங்கறாங்க.”

அடுப்புல பால் பொங்கி வழியுது. நான் அணைக்கலை. முதல்ல சுருக்குன்னு கோபம் வந்துச்சு, இவ யாரு என்னைச் சொல்றதுக்குன்னு. அப்புறம் அழுகை. அவனுக்கு வாயில்லைன்னு இத்தனை வருஷமா ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு இருந்தேனே. நான் எப்ப முடிப்பேன்னு அவன் காத்துக்கிட்டில்ல இருந்திருக்கான். “சரிம்மா. நான் வரலை. நீ வா” என்று சொல்லிப் போனை வெச்சுட்டேன்.

ஞாயித்துக்கிழமை காலையில மாடியிலேர்ந்து இறங்கி வந்தான். நீலச் சட்டை. வெள்ளைச் சட்டை எடுப்பா இருக்கும்டா, கர்ச்சீப் எடுத்துக்கிட்டியா, வெயில்ல அவளை ரொம்ப நடக்க விடாதேன்னு அத்தனையும் என் தொண்டை வரைக்கும் வந்து நிக்குது. உதட்டைக் கடிச்சுக்கிட்டு நின்னேன். கேட் வரைக்கும் போனவன் திரும்பினான். நான் எதையாவது சொல்லுவேன்னு பழக்கத்துல காத்திருந்தான். நான் சொல்லலைன்னு தெரிஞ்சதும் அவனே பேசினான்.

“அக்கா, அவங்க பஸ் தஞ்சாவூரைத் தாண்டிடுச்சாம். நானே போன் பண்ணிக் கேட்டுட்டேன்.”

“சரிடா” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.