பட்டாசுக் கம்பெனிக்குள் என் பெரிய டயர்

மழையில் ஊறிய கரிசல் மண்ணில் இரண்டு முறை மாட்டிக்கொண்ட கோபத்தில், ஜீப்பின் பழைய ரிம்மிலேயே சேற்றில் ஓடும் பெரிய டயர்களைப் போட்டுவிட்டேன்.

சாத்தூர் டயர்க்கடை பாய் அப்போதே சொன்னார்: "ரிம்முல உக்காந்துரும். ஆனா ஸ்டியரிங்க முழுசா ஒடிக்காதீக, மட்கார்டுல உரசும்."

தலையாட்டினேன்.

இன்று காலை பட்டாசுப் பெட்டிகளில் ஒட்டும் லேபிள் லோடோடு ஆனைக்குட்டம் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனிக்குப் போனேன். கேட்டிலிருந்து பேக்கிங் ஷெட் வரை முழங்கால் சேறு. ஜீப் அலட்சியமாகத் தாண்டியது. பெருமை தாங்காமல் ஷெட் முன்னால் ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தேன்.

'கர்ர்ர்' என்று சத்தம். கூடவே ரப்பர் கருகும் வாடை.

பட்டாசுக் கம்பெனியில் கருகல் வாடைக்கு ஒரே அர்த்தம்தான். கையில் இருந்ததைப் போட்டுவிட்டு அத்தனை பேரும் வெளியே ஓடினார்கள். நானும் ஜீப்பை விட்டுவிட்டு ஓடினேன்.

வேலியோரம் மூச்சு வாங்கும்போது பேக்கிங் முத்துமாரி அக்கா கேட்டார்: "நீக எதுக்குத் தம்பி ஓடியாந்தீக? வாடையே ஒங்க வண்டியிலருந்துல்ல வருது!"

இனி என் ஜீப் கேட்டுக்கு வெளியேதான் நிற்க வேண்டுமாம். லேபிள் கட்டுகளை நான் சுமந்துகொண்டு அந்தச் சேற்றில் நடக்க வேண்டும்.

என் காலுக்குப் பொருந்துகிற பெரிய டயர் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.