பின் சீட்டு இல்லாத பக்தர்கள்

அரூர்ப் பக்கம் பைக்கை அறுத்து ஒட்டிப் புது உருவம் கொடுத்த முதல் மெக்கானிக்கை நாங்கள் எல்லோரும் அண்ணன் என்போம். அவருக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய், சேலம் ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோகச் சொன்னார்கள். "ஆம்புலன்சு எதுக்குங்க அண்ணி? நாங்க இல்லீங்களா?" என்று அவர் மனைவியிடம் மார்தட்டிவிட்டு, தெருவே அதிர பைக்குகளில் போய் வாசலில் நின்றோம்.

அண்ணி ஒவ்வொரு வண்டியாகப் பார்த்தார். "எதுலீங்க ஏத்தறது?"

ஒன்றிலும் பின் சீட்டு இல்லை. அது வண்டிக்கு அசிங்கம் என்று கழற்றி எறிந்தவரே அண்ணன்தான்.

கடைசியில் பக்கத்து வீட்டுக்காரர் தன் தக்காளி வேனில் அவரைப் படுக்கவைத்தார். எங்களுக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. "உங்க வேனை நாங்களே மாடிஃபை பண்ணித் தர்றோங்க" என்றோம்.

உள்ளே அண்ணன் மூச்சு வாங்கத் தலையைத் தூக்கினார்.

"டேய், இதுல மட்டும் கை வெக்காதீங்கடா. நான் திரும்பி வரணும்."