பதினாறு மணி நேரப் பயணமும் ஒன்றரை மணி நேர ராகுகாலமும்

டில்லி மோதி பாக்கில் லதாவுக்கு ஒதுக்கப்பட்ட அரசுக் குடியிருப்பில்தான் அப்பா ரங்கராஜனும் அம்மா செல்லம்மாளும் இருந்தார்கள். லதாவுக்கு நாற்பத்தெட்டு வயது. கல்யாணம் ஆகவில்லை. ஜாதகத்தில் செவ்வாய் சரியில்லை என்று சொல்லிச் சொல்லியே அப்பா வரன்களைக் கழித்துக்கொண்டிருந்தார். கோடிக்கணக்கான மைல்களுக்கு அப்பால் சுற்றும் ஒரு பாறை உருண்டை அவள் இளமையைத் தின்று தீர்த்தது. அதற்காக இதுவரை யாரும் அவளிடம் மன்னிப்புக் கேட்டதில்லை.

அப்பா படிக்காதவர் அல்ல. விமானப் பாதைகளை வகுக்கும் அலுவலகத்தில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். மகன் ப்ரசன்னா அமெரிக்கா போன நாளிலிருந்து, சான்பிரான்சிஸ்கோவிலிருந்து டில்லிக்குப் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர், நேர் விமானத்தில் பதினாறு மணி நேரம் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையாகச் சொல்வார்.

அன்று வெள்ளிக்கிழமை. அம்மா இன்னும் இரண்டு நாள் தாங்குவதே கடினம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அமெரிக்காவில் அப்போது வியாழன் இரவு. மறுநாள் பகல் பதினொரு மணிக்கு ஏறினால் சனிக்கிழமை பிற்பகல் டில்லி வந்துவிடலாம் என்று ப்ரசன்னா டிக்கெட் போட்டான். அப்பா லதாவின் கையிலிருந்து ஃபோனை வாங்கினார். வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு ராகுகாலம், அதில் விமானம் ஏறவே கூடாது, ஒரு நாள் கழித்து வா என்றார்.

லதாவுக்கு உடம்பு பற்றி எரிந்தது.

"அங்க பகல் பதினொண்ணுன்னா இங்க ராத்திரிப்பா. உங்க ராகு எந்த ஊர் கடியாரத்தப் பார்த்துண்டு வரார்?"

"வாய மூடு. அவன் நல்லபடியா வந்து சேரணும்."

ப்ரசன்னாவும் பொறியாளன்தான். இருந்தும் அப்பா மனம் நோகக்கூடாது என்று டிக்கெட்டை மாற்றிக்கொண்டான். ராகுகாலத்தில் ஏறிய நூற்றுக்கணக்கானவர்கள் சனிக்கிழமை பிற்பகல் டில்லியில் இறங்கி, டாக்ஸி பிடித்து வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

அந்த நேரத்தில் அம்மாவுக்கு நல்ல நினைவு இருந்தது. அவன் வந்துவிட்டானா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். விமானத்தில் இருக்கிறான், வந்துகொண்டே இருக்கிறான் என்றாள் லதா. அவனோ சான்பிரான்சிஸ்கோவில் தன் வீட்டில் இருந்தான். ஞாயிறு காலை அம்மா போனபோதுதான் உண்மையிலேயே வானத்தில் இருந்தான்.

பிற்பகல் வந்து நின்றவனிடம், நல்ல நேரம் பார்த்துக் கிளம்பியதால்தான் வழியில் ஒரு தடங்கலும் இல்லை என்று பக்கத்து வீட்டு மாணிக்கவாசகம் ஆறுதல் சொன்னார். அப்பா தலையாட்டினார்.

ப்ரசன்னா கண்ணாடிப் பெட்டியைவிட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டான். "அம்மா என்னைத் தேடினாளா அக்கா?"

கடைசியில் நினைவே இல்லை என்று சொல்லிவிடும்படி மாணிக்கவாசகம் கண்ஜாடை காட்டினார். லதா கவனிக்காததுபோல் இருந்தாள்.

"தேடினா. நேத்து மத்தியானம் முழுக்கக் கதவையே பார்த்துண்டு கெடந்தா. நீ ஃப்ளைட்ல இருக்கேன்னு நான் புளுகினேன். நேக்கு வேற வழி தெரியலை."

"போறும் லதா," என்றார் அப்பா.

"இருங்கோ, இன்னும் முடிக்கலை," என்று அவர் பக்கம் திரும்பி, அம்மா எத்தனை முறை கேட்டாள், எப்படிக் கேட்டாள் என்று ஒன்று விடாமல் சொல்லத் தொடங்கினாள்.