தறி நின்ற சனிக்கிழமை

என் மகளுக்கு வேலை கிடைக்காமல் போய்க்கொண்டிருந்ததற்கு அவள் படிப்பு காரணமில்லை. எங்கள் வீட்டுத் தறிதான் காரணம்.

கோவையில் ஒரு கல்லூரியில் பி.காம். கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாள். கம்பெனிகள் கல்லூரிக்கே வந்து ஆள் எடுக்கும் பருவம் அது. எழுத்துத் தேர்வு வைத்தால் சுலபமாகத் தாண்டிவிடுவாள். அடுத்து எதிரில் உட்கார வைத்துப் பேசச் சொல்வார்கள். அதோடு திரும்பி வந்துவிடுவாள். நாலைந்து கம்பெனி இப்படியே போன பிறகு, வேலைவாய்ப்புக்குப் பொறுப்பாக இருந்த மேடம் இவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்: "பதிலெல்லாம் சரியாத்தாம்மா சொல்ற. ஆனா எதுக்குச் சண்டைக்கு வந்த மாதிரி கத்தற?"

அவள் கத்தவில்லை. சோமனூர்ப் பக்கம் விசைத்தறி ஓடும் வீட்டில் வளர்ந்த யாரும் அப்படித்தான் பேசுவார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் தறிகள் தடதடவென்று அடித்துக்கொண்டிருக்கும்போது, இந்தப் பக்கம் "உப்பு எடு" என்று சொல்வதற்கே அடிவயிற்றிலிருந்து குரல் வர வேண்டும். எங்கள் தெருவுக்குப் பெண் பார்க்க வந்த வெளியூர்க்காரர் ஒருவர், காபியைக் குடித்துவிட்டு, "ஏனுங்க, இந்த ஊட்டுல எல்லாரும் யாரு மேல கோவமா இருக்கறாங்க?" என்று தரகரிடம் கேட்டாராம். அதை இன்னும் சொல்லிச் சிரிக்கிறோம்.

சரி, குரலை இறக்கிப் பழகுவது என்று முடிவானது. கேள்வி கேட்கும் அதிகாரி நான். எனக்குப் பள்ளிக்கூடம் எட்டாவதோடு சரி. ஆனாலும் நாலு பேரோடு நாயம் பேசச் சொன்னால் விடியும்வரை பேசுவேன், அந்தத் தைரியம்தான். சட்டை மாட்டிக்கொண்டு கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"உங்களப் பத்திச் சொல்லுங்க அம்மணி."

"அப்பா! கம்பெனியில யாரும் அம்மணின்னு கூப்பிட மாட்டாங்க."

"செரி. உங்க பலம் என்னுங்க?"

"எடுத்த வேலையை முடிக்காம விட மாட்டேன்," என்றாள், காற்றுக்கு நோகாமல்.

"பலவீனம்?"

சமையலறையிலிருந்து என் மனைவி பதில் சொன்னாள்: "தின்ன தட்டக் கழுவ மாட்டா! அதச் சொல்லச் சொல்லுங்க!"

"அம்மா, நீ பேசாம இரு!" இது தெருமுனை வரை கேட்டது.

சிரித்தாலும் எனக்கு ஒன்று புரிந்தது. மெதுவாகப் பேசும்போது அவளுக்குப் பேச்சே வரவில்லை. குரலைப் பிடித்து வைப்பதிலேயே கவனம் போய், சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும். "கொரலு எறங்குனா மூளையும் சேந்து எறங்குதுப்பா," என்றாள்.

அந்த வருடத்தின் கடைசிக் கம்பெனி வந்தது. மில்லுகளுக்கும் பட்டறைகளுக்கும் கம்ப்யூட்டரில் கணக்குப் பார்க்க வழி செய்து தருகிற கோவைக் கம்பெனி. எழுத்துத் தேர்வில் வழக்கம்போலத் தேறிவிட்டாள். தோழிகள் எல்லாருக்கும் ஏற்கெனவே வேலை உறுதியாகியிருந்தது. இதுவும் போனால், படிப்பு முடிந்ததும் அவள் ஒருத்தி மட்டும் ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்க வேண்டும். "இது ஒண்ணுதாம்ப்பா பாக்கி," என்றவள் அதற்குப் பிறகு சரியாகச் சாப்பிடவில்லை.

இந்தத் தடவை அவரவர் வீட்டிலிருந்து கம்ப்யூட்டரில் பேச வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். சனிக்கிழமை பதினோரு மணி. "சித்தி ஊட்டுக்குப் போயிரு கண்ணு," என்றேன். அங்கே மொட்டைமாடியில் நின்றால்தான் சிக்னல் என்றாள். வேறு வழியில்லை, தறியை நிறுத்த வேண்டியதுதான். எங்களுடையதை மட்டும் நிறுத்தினால் போதாதே. பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டேன். "பாப்பாளுக்குன்னா பத்து மணிக்கே நிறுத்திப்போடறேன் போ," என்றார். எதிர்வீட்டுத் தம்பி ராத்திரி ஷிப்ட் ஓட்டிவிட்டு, பகலில் தறியை ஆள் கையில் விட்டுத் தூங்குகிறவர். "நிறுத்தறேனுங்கண்ணா. ஆனா தறி நின்னா எனக்குத் தூக்கம் போயிருமுங்க," என்று வருத்தத்தோடு ஒப்புக்கொண்டார்.

சனிக்கிழமை மூன்று வீட்டுத் தறியும் நின்றன. எங்கள் மின்விசிறிக்குச் சத்தம் உண்டு என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். மகள் உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் வாசலில் காவல்.

ஒன்றை நான் யோசிக்கவில்லை. எங்கள் ஊரில் தறி சும்மா நிற்காது. மின்சாரம் போனாலோ ஸ்டிரைக் என்றாலோ ஊர் மொத்தமும் நிற்கும். சுற்றிலும் ஓடிக்கொண்டிருக்க, சேர்ந்தாற்போல மூன்று வீட்டில் மட்டும் நின்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். சாவு.

முதலில் பின்தெரு அண்ணன் தோளில் துண்டோடு வந்தார். "ஏனப்பா, யாருக்கு?" என்றார் முழுத் தொண்டையில்.

பதறிப்போய் வாயில் விரலை வைத்தேன். தறிச் சத்தத்தில் பேச முடியாது என்பதால் எங்களுக்குள் கைச்சாடை உண்டு. நூல் அறுந்தது, டீ வந்தது, யாவாரி வருகிறார் என்று எல்லாவற்றுக்கும் சாடை இருக்கிறது, இன்டர்வியூவுக்கு மட்டும் இல்லை. உள்ளறையைக் காட்டினேன், காதில் கையை வைத்தேன், விரல்களால் தட்டிக் காட்டினேன். எல்லாவற்றையும் கவனமாகப் பார்த்துவிட்டு, "டாக்டரு உள்ளயா இருக்கறாரு?" என்று கேட்டார்.

அதற்குள் இரண்டு பெண்கள் வந்துவிட்டார்கள். எதிர்வீட்டுத் தம்பி கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து, "சொன்னேனல்லங்க, தூக்கம் போச்சு," என்றார். அடுத்தபடியாக ஒரு டெம்போ வந்து நின்றது. வாடகைப் பாத்திரக் கடைக்காரர். யாரோ போன் செய்துவிட்டார்களாம். "சேரு இது போதுங்களாண்ணா? பந்தலு எந்நேரத்துக்குப் போடறது?" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக் காதுக்குள் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள், வந்த பெண்கள் ஆளுக்கொரு நாற்காலியை இறக்கிப் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். "வந்ததே வந்தோம், புள்ள என்ன பேசறான்னு கேட்டுப்போட்டுப் போறோம்," என்றார் ஒருவர். எங்கள் ஆட்களுக்கு ரகசியம் பேச வராது. ஒன்று கத்துவது, இல்லையென்றால் வாயே திறக்காமல் இருப்பது. அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

அப்போதுதான் உள்ளே நடப்பது கேட்டது. மகளின் குரல் நூல்போல இழுத்துக்கொண்டிருந்தது. ஒரு கேள்விக்கு ஒற்றை வரி. அடுத்ததற்கு அதுவும் இல்லை. பழகியபோது வந்த அதே தடங்கல்தான், குரல் இறங்கியதும் பேச்சும் இறங்கிவிட்டது.

தெருமுனையிலிருந்து ஒப்பாரி கிளம்பியது.

"ஏந் தம்பீ... என்ற சாமீ..."

என் அக்கா. மூன்று தெரு தள்ளிக் கட்டிக்கொடுத்தது. தலைமுடி அவிழ, மார்பில் அடித்துக்கொண்டு ஓடிவந்தவள், நாற்காலிகளுக்கு நடுவில் நான் நிற்பதைப் பார்த்தாள்.

"அடேய்! உசுரோடயா இருக்கற?"

"உஸ்ஸ்... அக்கா..."

"உசுரோட இருந்துட்டு எதுக்குடா தறிய நிறுத்துன? ஓடியாந்ததுல என்ற செருப்பு ஒண்ணு போச்சு!"

உள்ளே பேச்சு நின்றது. கம்ப்யூட்டரிலிருந்து ஓர் ஆண் குரல், அதுவரை இங்கிலீஷில் கேட்டுக்கொண்டிருந்தது, தமிழுக்கு மாறியது. "ஏம்மா, வீட்ல யாரோ அழற சத்தம் கேக்குது. இன்னொரு நாள் வெச்சுக்கலாமா?"

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

என் மகள் சிரித்தாள். அடக்கி அடக்கிப் பார்த்து முடியாமல் வெடித்த சிரிப்பு. "ஒண்ணும் பிரச்சனை இல்லீங்க சார். எங்கத்தை எங்கப்பாவுக்காக அழுதுட்டு வந்தாங்க. அப்பா நல்லாத்தானுங்க இருக்கறாரு," என்று ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. தறி ஏன் நின்றது, நின்றால் ஊர் என்ன நினைக்கும், தான் ஏன் மெதுவாகப் பேசப் பார்த்தாள் என்று இங்கிலீஷும் தமிழுமாக மொத்தத்தையும் எங்கள் வீட்டுக் குரலிலேயே சொன்னாள். அந்தப் பக்கமும் சிரித்தார்கள். நூல் எங்கிருந்து வருகிறது, கூலி எப்படி என்றெல்லாம் கேட்டார்கள். பட்பட்டென்று சொன்னாள். நாற்காலியில் இருந்தவர்கள் ஒவ்வொரு பதிலுக்கும் தலையாட்டினார்கள்.

கதவைத் திறந்து வெளியே வந்தபோது அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. "போச்சுப்பா. கடைசியில கத்திப்போட்டேன்."

"என்னாலதான் கெட்டுப்போச்சு," என்று அக்கா இப்போது நிஜமாகவே அழ ஆரம்பித்தாள். பாத்திரக் கடைக்காரர் சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு, "அப்ப சேரு எடுத்துக்கட்டுங்களா?" என்றார்.

அடுத்த வாரம் முழுக்க அக்கா வீட்டிலிருந்து முறுக்கும் பணியாரமும் வந்துகொண்டே இருந்தன. வாயைத் திறந்து எதுவும் கேட்கவில்லை. எதையும் கேட்காமல் இருக்கிற ஆளே இல்லை அவள்.

பிறகு நேரில் வரச் சொல்லிக் கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது. துணைக்கு வாரேன் என்றேன், வேண்டாம் என்று தனியாகப் போனாள். சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் வண்டியோடு காத்திருந்தேன். இறங்கி வந்தவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"என்ன கண்ணு கேட்டாங்க?"

"மில்லுக்குள்ள மெஷின் ஓடறப்பவே அங்க இருக்கறவங்களுக்கு கம்ப்யூட்டர் கணக்க நின்னு சொல்லிக்குடுக்கோணுமாம்ப்பா. முடியுமான்னாங்க."

"நீ?"

"வேணும்னா மெஷினப் போடுங்க சார், இப்பவே சொல்றேன்னேன்."

"அதுக்கு?"

"பரீட்சை முடிஞ்சதும் வந்து சேரச் சொல்லிட்டாங்க."

வண்டியைக் கிளப்பப் போய், சாவியைத் திருப்ப மறந்து உதைத்துக்கொண்டிருந்தேன். அவளே கையை நீட்டிச் சாவியைத் திருப்பிவிட்டுப் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

"அத்தை ஊட்டு வழியாப் போலாம்ப்பா," என்றாள். "பாவம், அவங்களுக்குத்தான் மொதல்ல சொல்லோணும்."

வண்டியை அந்தத் தெருவுக்குத் திருப்பினேன்.