உஷ் தச்சரின் முட்டி

உஷ் தச்சருக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. பட்டறையில் யார் வாயைத் திறந்தாலும் 'உஷ்' என்பார். ரம்பம் போடும் சத்தத்தை வைத்தே பலகையின் குணத்தைச் சொல்லிவிடுவாராம். பட்டறை வீட்டின் முன்னறையிலேயே இருந்ததால் அடுக்களைக்கும் அதே சட்டம். கல்யாணமான புதிதில் சமைத்தபடி ஏதோ பாட்டை முணுமுணுத்த மனைவிக்கும் ஒரு 'உஷ்' விழுந்தது. அதோடு அந்த அம்மாள் வாயை மூடிக்கொண்டாள்.

அப்பேர்ப்பட்டவருக்கு முட்டி தேய்ந்துபோய், செயற்கை முட்டி வைக்க நாள் குறித்தார்கள். இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போக ஊசி, ஆள் விழித்திருப்பார். பாட்டுக் கேட்டால் பதற்றம் அடங்கும், பிறகு வலி மருந்தும் குறைவாகவே போதும் என்று நர்ஸ் ஹெட்போனை நீட்டினாள்.

"அதெல்லாம் வேணாம்மா. வேலை நடக்கிற இடத்துல காது சும்மா இருக்கணும்," என்றார் மேதாவி.

ஆபரேஷன் மேஜையில் அவர் மார்புக்குக் குறுக்கே கட்டிய திரைக்கு அந்தப் பக்கம் ரம்பம் ஓடியது. அடுத்துச் சுத்தியல். ஆயுசு முழுக்கக் கேட்ட சத்தம்தான். ஆனால் இன்றைக்குப் பலகை அவரே.

"மெதுவா, மெதுவா, பிளந்துடும்," என்று அலறினார்.

"இது மரமில்ல ஐயா," என்றார் டாக்டர்.

ரத்த அழுத்தம் கிடுகிடுவென்று ஏறியது. அது இறங்கினால்தான் மேற்கொண்டு வேலை என்று மயக்க மருந்து டாக்டர் கையைக் காட்டிவிட்டார். முட்டியைத் திறந்துபோட்டு எல்லோரும் கைகட்டி நின்றார்கள். அவருக்கு என்ன பாட்டுப் பிடிக்கும் என்று நர்ஸ் அவர் மனைவியைப் போனில் கேட்டாள். பதிலைக் கேட்டவள், ஹெட்போனைப் போனில் செருகி அவர் காதில் மாட்டினாள்.

ஒரு பெண் குரல். வாத்தியம் எதுவும் இல்லை. யாரோ இருமுகிறார்கள், நாற்காலி ஒன்று கிறீச்சிடுகிறது. அதற்கு நடுவே அந்தக் குரல் தன் போக்கில் தாழ்ந்து, எழுந்து, போய்க்கொண்டிருந்தது. தச்சர் மூச்சுவிட மறந்து கேட்டார். சுத்தியல் மறுபடி விழுந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை.

"யாரும்மா இது? நல்லா பாடுறாங்களே."

"உங்க வீட்டம்மாதான் ஐயா. வெளியில உக்காந்து போன்ல பாடுறாங்க."

தச்சர் அழுதார். வெட்கமாக இருந்தது. வலிக்கிறதோ என்று பயந்து மயக்க மருந்து டாக்டர் குனிந்து பார்த்தார்.

மறுநாள் வலி மாத்திரைக்கு நச்சரிக்காமல், வாக்கரைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நடந்தார். மனைவி பக்கத்திலேயே வந்தாள்.

"இவ்வளவு நல்லா பாடுவேன்னு நீ சொல்லவே இல்லையே."

"எங்க சொல்ல விட்டீங்க? முட்டியை அறுத்தப்புறம்தான் உங்களுக்குக் காது கேட்டிருக்கு. நடங்க."