புளி போட்டு மினுக்கிய கோதுகள்

பித்தளையில் புளி படும்போது எழும் மணத்துக்கு என்னிடம் பெயர் இல்லை. நேற்றுக் குசினித் தொட்டியில் விளக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அந்த மணம் வந்தது. கை நின்றுவிட்டது, தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. இந்த நாட்டுக்கு வந்து ஹரிஸ் பார்க்கில் நாங்கள் முதலில் வாடகைக்கு இருந்த வீடு, அதன் பின்னால் வெயிலில் வெடிக்கும் தகரக் கூரையோடு ஒரு கராஜ், உள்ளே நாங்கள் மூன்று பேர். ஒருவர் கையில் வெற்றுத் தோட்டாக் கோது. அவர் அதை மூக்கருகே கொண்டுபோகிறார். இத்தனை காலத்துக்குப் பிறகும் என் காதுமடல் சுட்டது.

எழுபதுகளின் நடுப்பகுதி. ரயிலில் ஒரு தமிழ் முகத்தைக் கண்டால் இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டுப் பேசிக்கொண்டு போன காலம். என் கணவர் ரயில் பெட்டி திருத்தும் வேலைத்தளத்தில் படம் வரைபவர். திங்கட்கிழமைகளில் தேநீர் மேசையில் எல்லோரும் சனி ஞாயிறைப் பற்றிப் பேசுவார்கள். இவர் கோப்பையைப் பார்த்துக்கொண்டு இருப்பாராம். அங்கே எங்களுக்கு முன்பே வந்திருந்த யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர் வேலை செய்தார். தனி ஆள். நகருக்கு வெளியே ஒரு துவக்குச் சங்கத்தில், கடதாசி இலக்குக்குச் சுடுகிறவர். இவர் கெஞ்சிக் கேட்டு, அண்ணை "இவனுக்கு நான் பொறுப்பு" என்று சொல்லிச் சேர்த்துவிட்டார். ஒரு பூச்சியைக்கூடக் கொல்லாத, மரக்கறி மட்டும் சாப்பிடுகிற மனிதர் துவக்கைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அந்தத் தேநீர் மேசையில் ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு.

அந்தச் சங்கத்தில் பலர் தங்கள் தோட்டாவைத் தாங்களே செய்தார்கள். சுட்ட கோதைப் பொறுக்கி வந்து, அச்சில் அழுத்திப் பழைய உருவத்துக்குக் கொண்டுவந்து, புதிதாக வெடிமருந்து போட்டு, கோதின் வாயில் ஒரு சன்னத்தை, இலக்கில் போய்த் தைக்கும் குண்டை, வைத்துப் பிரஸ்ஸின் கைப்பிடியை இழுத்தால் சன்னம் கோதின் கழுத்துக்குள் இறங்கும். அண்ணை தன்னுடைய அச்சை இவருக்கு இரவல் கொடுத்திருந்தார். ஒருநாள் இவர் ஒரு பை நிறையக் கறுத்த கோதுகளைக் குசினி மேசையில் கொட்டினார்.

"இஞ்சேரும், எங்கடை குத்துவிளக்கு மாதிரி மினுக்கித் தாரும் பாப்பம்."

மினுக்கினேன். ஹேமார்க்கெட்டில் சீனக் கடையில் அலைந்து வாங்கிய புளி, ரசத்துக்குக்கூடக் கிள்ளிக் கிள்ளிப் போட்ட புளி, அதைக் கரைத்து இரவு முழுக்க ஊறப்போட்டேன். குடத்தை வெளியே மட்டும் தேய்த்து வைக்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. போத்தல் கழுவும் பிரஷ் எடுத்து ஒவ்வொரு கழுத்துக்கு உள்ளேயும் கரி போகத் தேய்த்தேன். வெயிலில் பரப்பி வைத்தபோது இளஞ்சிவப்பு ஓடிய பொன்னாக, கல்யாண வீட்டுச் சாமான் மாதிரி மின்னின. நான் அவற்றைச் சுற்றிச் சுற்றி வந்தேன். ஒரு நல்ல வரி எழுதியவளைப் போல.

அவற்றில் இவர் தோட்டா செய்து எடுத்துப்போன சனிக்கிழமை நானும் போனேன். சுடுகிறவர்கள் தரையில் வரிசையாகக் குப்புறப் படுத்திருந்தார்கள். பின்னால் தேநீர்க் குடுவைகளோடு பெண்கள். நாலைந்து சூட்டுக்குள் இவருடைய துவக்கு அடைத்துக்கொண்டது. தோட்டா பாதி உள்ளே போய் நின்றுவிட்டது. மூடவும் முடியவில்லை, திறக்கவும் முடியவில்லை. ஒருவர் துவக்கு அடைத்தால் அங்கே எல்லோரும் நிறுத்த வேண்டும். முழு வரிசையும் துவக்கைக் கீழே வைத்துவிட்டு, எழும்பி, முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டு, இவரைப் பார்த்தது. சங்கத்தின் பொறுப்பாளர் குனிந்து, "பரவாயில்லை மேட், ஆறுதலாகச் செய்" என்றார். அந்த அன்பைத் தாங்குவதுதான் கடினமாக இருந்தது. பிறகு வரிசையின் கோடியிலிருந்து ஒரு குரல்:

"கறித்தூள் அடைச்சிருக்கும், பாருங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். அவர்களைவிடச் சத்தமாக. நான் குடுவையின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன். புறப்படும்போது பொறுப்பாளர் அண்ணையைத் தனியே கூப்பிட்டுப் பேசியதைக் கண்டேன். இன்னொரு தரம் இப்படி நடந்தால் ஆளைக் கூட்டிவர வேண்டாம் என்றாராம்.

அடுத்த சனிக்கு முன்னால் ஒரு பின்னேரம் அண்ணை வந்தார். கையில் தன் பழைய கோதுகள் சிலவற்றை ஒரு தகரப் பெட்டியில் கொண்டுவந்திருந்தார். நான் தேத்தண்ணி வைத்துவிட்டுக் கராஜ் கதவோரம் நின்றேன்.

"அச்சுதான் பிழை, அண்ணை," என்று இவர் தொடங்கினார். "பழசெல்லே. கொஞ்சம் கீழை திருகிப் பாப்பமே?"

"ஒண்டையும் தொடாதை. எல்லாத்தையும் ஒரேயடியாத் திருகினால் பிறகு எது பிழையெண்டு ஆருக்குத் தெரியும்? மருந்தில்லாத கோதிலை பாப்பம், தா."

அண்ணை இவருடைய கோது ஒன்றை எடுத்துச் சன்னத்தை வைத்து இழுத்தார். கைப்பிடி முனகியது. பாதியில் நின்று, பிறகு ஒரு துள்ளலோடு இறங்கியது. எடுத்து யன்னல் வெளிச்சத்தில் உருட்டினார். சன்னத்தின் செம்புத் தோலில் நீளமாகக் கீறல். கோதின் கழுத்துக்குக் கீழே, தோள்போல வளையும் இடத்தில், ஒரு மயிரளவு பிதுக்கம். கண்ணுக்குத் தெரியவில்லை, விரலை வைத்து என்னையும் தடவிப் பார்க்கச் சொன்னார். தெரிந்தது.

"இதுதான் அடைக்குது. சன்னம் உள்ளை போகமாட்டனெண்டு நிக்குது. நீ போட்டு அமத்த, தோள் நசியுது. சரி, இப்ப என்ரையைப் பாப்பம். அதே அச்சு, அதே சன்னம்."

அவருடைய கோது மங்கலாக, ஊத்தையாக இருந்தது. கைப்பிடி சத்தமே இல்லாமல் இறங்கியது. கீறல் இல்லை. பிதுக்கம் இல்லை.

"அச்சிலை பிழையில்லை," என்றார்.

இரண்டு கோதுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். நான் மினுக்கியதன் கழுத்துக்குள் சுண்டுவிரலை விட்டுத் திருப்பினார். மூக்கருகே கொண்டுபோனார்.

"புளியோ?"

மேலே கூரைத் தகரம் ஒருமுறை வெடித்தது.

"வெளியிலை மினுக்கினது காரியமில்லை. உள்ளுக்கை ஏன் தேய்ச்சனி? அந்தக் கரியிலைதான் சன்னம் வழுக்கிப் போறது. புளி அரிச்சு உள்ளுக்கை சொரசொரத்துப் போச்சு."

கறித்தூள் என்றானே அந்த மனிதன். கிட்டத்தட்டச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறான். அந்த நினைப்பு வந்ததும் என் முகம் கொதித்தது. அப்போது என் கணவர் என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு அண்ணையிடம் திரும்பினார்.

"இவதான். எனக்கொண்டும் தெரியாது. உதைத் தொடாதையுமெண்டு சொன்னனான், சொன்னால் கேட்டால்தானே."

அண்ணை என்னைப் பார்த்தார். வீட்டுக்கு வந்த ஆளின் முன்னால் புருசனை மறுத்துப் பேச நான் வளர்க்கப்படவில்லை. "ஓம் அண்ணை, நான்தான். பழக்கத்திலை செய்துபோட்டன்" என்றேன். சொல்லும்போது வெட்கப்பட்டது எனக்காகவா அவருக்காகவா என்று இன்றைக்கும் பிரிக்க முடியவில்லை. இரண்டும் ஒரே கோதுக்குள் இறங்கி இறுகிவிட்டன.

"ஒரு பென்சில் இருக்கே, தங்கச்சி?"

நான் எழுதுகிற பென்சிலைக் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் அதன் கரியைக் கத்தியால் சுரண்டித் தூளாக்கி, என் மினுங்கும் கோதொன்றின் விளிம்பை உள்ளே சற்றுச் சீவி, கழுத்தை அந்தத் தூளில் தோய்த்தெடுத்தார். கைப்பிடி முனகாமல் இறங்கியது. "மற்றதெல்லாத்தையும் இப்பிடிச் செய். ஏற்கெனவே இறக்கினதுகளைச் சுடாதை, கழட்டு" என்றார். இவருடைய முகம் விரிந்தது. உடனேயே பிரஸ்ஸில் உட்கார்ந்துவிட்டார். "சனிக்கிழமை பாருங்கோ அண்ணை, கறித்தூள் எண்டவனுக்குக் காட்டுறன்!" அண்ணை தேத்தண்ணியைக் குடிக்காமல் வெளியே போனதை அவர் கவனிக்கவில்லை.

தகரப் பெட்டி மேசையிலேயே கிடந்தது. எடுத்துக்கொண்டு கேற்றடிக்கு ஓடினேன். அவர் அதை வாங்கிக்கொண்டார்.

"தங்கச்சி, அவன் அந்தக் கோதுகளைத் தேத்தண்ணி மேசையிலை அடுக்கி வைச்சு எல்லாருக்கும் காட்டினவன். தான் இருந்து மினுக்கினதெண்டு. வெள்ளையள் கையிலை வாங்கி வாங்கிப் பாத்தவங்கள்."

எனக்கு அது தெரியாது.

"பகிடிக்குச் சொல்லியிருப்பார், அண்ணை."

"இருக்கும்." பெட்டியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "அங்கை பக்கத்திலை படுத்திருக்கிறவன் தன்ரை துவக்கு வெறுமையெண்டு சொன்னால், அதை நம்பித்தான் நாங்கள் எழும்பி இலக்குப் பாக்க முன்னுக்கு நடக்கிறனாங்கள்."

கராஜிலிருந்து கைப்பிடி இறங்கி ஏறும் ஓசை, எண்ணெய் போட்டதுபோல மெதுவாக, சந்தோசமாக வந்துகொண்டிருந்தது. அண்ணை கேற்றைத் தானே சாத்திக்கொண்டார்.

"சனிக்கிழமை அவனை வரவேண்டாமெண்டு சொல்லுங்கோ. சுகமில்லையெண்டு அங்கை நான் சொல்லிவிடுறன். போட்டு வாறன், தங்கச்சி."

"ஓம் அண்ணை," என்றேன். "போட்டு வாங்கோ."