கணபதி மொட்டை மாடியில் கடல் உப்பு

முப்பத்தெட்டு வயதில் தாஜுன்னிசா ஆராய்ச்சிப் படிப்பில் சேர்ந்தபோது, என்ன தலைப்பு என்று கேட்டவர்கள் எல்லோரும் பதிலைக் கேட்டுச் சிரித்தார்கள். கோயமுத்தூர்க் காற்றில் இருக்கும் கடல் உப்பு. கடல் எங்கே, கோயமுத்தூரில் அவள் குடியிருக்கும் கணபதிப் பகுதி எங்கே? மகளிர் கல்லூரியில் வேதியியல் நடத்திக்கொண்டு நிம்மதியாக இருக்கிறவளுக்கு இது எதற்கு என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். அது 1994.

அடுத்த வீட்டு சுப்பாத்தாள் மட்டும் விவரம் கேட்டாள்.

“அங்கிருந்து இங்க எப்புடி அம்மணி உப்பு வரும்?”

“அலை அடிக்கறப்ப நுரை வருதில்லீங்களா அக்கா, அந்தக் குமிழி ஒடையறப்ப பொடிப்பொடியாத் தண்ணி தெறிக்கும். தண்ணி காஞ்சுபோனா உப்புத்தூள் காத்துல மெதக்கும். ஆனி, ஆடியில மேக்க இருந்து அடிக்கற காத்து அதைப் பாலக்காட்டுக் கணவாய் வழியா இங்க கொண்டாந்து போட்டுருதுங்க.”

“அப்ப இனிமே கடையில உப்பு வாங்க வேண்டாம்னு சொல்லுங்க!”

சுப்பாத்தாள் சிரித்த சிரிப்பில் தாஜுன்னிசாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

காற்றை உறிஞ்சி, அதிலுள்ள தூசியை வடிதாளில் பிடிக்க ஒரு கருவி வேண்டும். கல்லூரியில் அப்படி எதுவும் கிடையாது. கணவன் நசுருதீன் அதே தெருவில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்தான். யாரோ கழித்துப்போட்ட வாக்குவம் கிளீனரைப் பிரித்து, அதன் மோட்டாரைத் தகரப் பெட்டியில் பொருத்தி, மேலே வடிதாள் வைக்க ஒரு சட்டமும் செய்து கொடுத்தான்.

“காத்தை நல்லா உறிஞ்சும் தாஜு. சத்தத்துக்கு மட்டும் நான் பொறுப்பில்ல” என்றான்.

சத்தம் என்றால் சாதாரணச் சத்தமில்லை. இரண்டு கிரைண்டர் சேர்ந்து ஓடுவதுபோல் மொட்டை மாடியே அதிர்ந்தது. பக்கத்து வீடுகளில் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டார்கள். ஆனாலும் யாரும் சண்டைக்கு வரவில்லை.

முதல் வாரத்து வடிதாள்களில் உப்பு கொட்டிக் கிடந்தது. தாஜுன்னிசாவுக்குத் தலைகால் புரியவில்லை. வழிகாட்டிப் பேராசிரியர் கோபாலசாமியிடம் ஓடிப்போய்ச் சொல்லிவிட்டாள். மறுநாள் தாள் மாற்ற மாடிக்கு ஏறினால், ஒட்டிய மாடியில் சுப்பாத்தாள் மோர்மிளகாய் காயப்போட்டிருந்தாள். காய்ந்த மிளகாயை அள்ளிவிட்டு, பாயைத் தூக்கி உதறினாள். வெள்ளையாகக் கிளம்பிய உப்புத்தூள் காற்றோடு வந்து நேராகக் கருவிக்குள் போயிற்று.

“ஐயோ அக்கா!”

விஷயம் தெரிந்ததும் சுப்பாத்தாளுக்கு முகம் சுண்டிவிட்டது. “உங்க படிப்பையே கெடுத்துப்போட்டனே கண்ணு” என்று புலம்பியவள், அன்றைக்கே மிளகாயெல்லாம் அள்ளிக்கொண்டு கீழே வாசலுக்கு மாற்றிவிட்டாள். பேராசிரியரிடம் போய் மோர்மிளகாய்க் கதையைச் சொன்னபோது அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டுச் சிரித்தார்.

அதற்குப் பிறகுதான் உண்மையான சிக்கல் வந்தது. கடல்நீரில் பத்து சோடியம் அணுவுக்குக் கிட்டத்தட்டப் பன்னிரண்டு குளோரின் அணு இருக்கும். எந்தக் கடலானாலும் அந்தக் கணக்கு மாறாது. அவளுடைய வடிதாளிலோ பத்துக்கு ஏழுதான் வந்தது. சோடியம் வந்து சேர்ந்துவிட்டது, கூட வந்த குளோரினைக் காணோம்.

“சோதனையில எங்கியோ தப்பு நடக்குதும்மா. திருப்பிச் செய்யுங்க” என்றார் கோபாலசாமி.

திருப்பிச் செய்தாள். கண்ணாடிக் குழாய்களைப் புதிதாகக் கழுவி, கரைசல்களைப் புதிதாகக் கலக்கி, மறுபடி மறுபடி செய்தாள். குளோரினை அளக்கும் சில்வர் நைட்ரேட் கரைசல் பட்டுப்பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்துப்போயிற்று. கோட்டைமேட்டில் ஒரு கல்யாண வீட்டில், “என்ன தாஜு, மருதாணி தீஞ்சுபோச்சா?” என்று கையைப் பிடித்துப் பார்த்துக் கேலி செய்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள். வீட்டுக்கு வந்ததும் அழுகை முட்டியது. விட்டுவிடலாமா என்று நசுருதீனிடமே கேட்டாள்.

“மோட்டார் சூடாகுதுன்னா மோட்டார்லதான் தப்புன்னு இல்ல. கரண்டு லைன்லகூட இருக்கும். வெளிய என்ன நடக்குதுன்னு பாரேன்” என்றான் அவன். பட்டறைக்காரன் பட்டறைப் பேச்சுத்தான் பேசினான்.

மறுநாள் சாயங்காலம் மாடியில் நின்று சத்தி ரோட்டைப் பார்த்தாள். பஸ்ஸும் லாரியும் கரும்புகை கக்கிக்கொண்டு போயின. அப்போதுதான், வடிதாளில் நைட்ரேட் அதிகமாக இருந்ததை அவள் கண்டுகொள்ளாமல் விட்டது உறைத்தது. வண்டிப் புகையில் வரும் நைட்ரஜன் வாயுக்கள் வெயிலில் நைட்ரிக் அமிலமாக மாறும். அந்த ஆவி உப்புத்தூளில் பட்டால், நைட்ரேட் போய்ச் சோடியத்தோடு ஒட்டிக்கொள்ளும். குளோரின் ஹைட்ரோகுளோரிக் அமில ஆவியாக வெளியேறிவிடும். சோதனையில் தப்பே இல்லை. உப்பு வழியிலேயே வேறு உப்பாக மாறிக்கொண்டிருந்தது!

அப்படியானால், ஊருக்குள் நுழையும் முன்பே காற்றைப் பிடித்துப் பார்க்க வேண்டும். சுப்பாத்தாள் இதைக் கேட்டதும் முந்திக்கொண்டாள்.

“மேக்க, கணவாய்ப் பக்கம் வேலந்தாவளத்துக்கிட்ட எங்க அண்ணன் தோட்டம் இருக்குதுங்க. மோட்டார் ரூம்ல கரண்டு இருக்குது. அங்க வெச்சுக்கோங்க அம்மணி. மொளகாக் கடனைத் தீர்த்துப்போடறேன்.”

நசுருதீன் இரண்டாவது கருவியைச் செய்தான். எம்-80 வண்டியில் அவனுக்குப் பின்னால் உட்கார்ந்து, அதைக் குழந்தைபோல் மடியில் கட்டிக்கொண்டு போனாள் தாஜுன்னிசா. சுப்பாத்தாளின் அண்ணன் பாலுசாமி தென்னை மரங்களுக்கு மேற்கே இடம் ஒழித்துக் கொடுத்தார். “எங்க ஊட்டு ஆடு கிட்ட வராம நான் பார்த்துக்கறனுங்க” என்றார். பார்த்தும் கொண்டார்.

இரண்டு இடத்திலும் ஒரே நாட்களில் காற்றைப் பிடித்தார்கள். வேலந்தாவளத்துத் தாளில் பத்துக்குப் பதினொன்று, நைட்ரேட் கொஞ்சம்தான். கணபதியில் பத்துக்கு ஏழு, நைட்ரேட் ஏராளம். ஆய்வகத்தில் முடிவுகளை அருகருகே எழுதிப் பார்த்தபோது, தாஜுன்னிசா சத்தம் போட்டே சிரித்துவிட்டாள். அடுத்த வருடக் காற்றிலும் அப்படியே வந்தது. கோபாலசாமி எழுந்து வந்து, “நான்தாம்மா அவசரப்பட்டுத் தப்புன்னு சொல்லிட்டேன்” என்று கைகுலுக்கினார்.

1998இல் முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம் என்பதால், நசுருதீன் பட்டறையைச் சாத்திவிட்டு வந்திருந்தான். சுப்பாத்தாள் பட்டுச்சேலையில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். தேர்வாளர்கள் கேட்டு முடித்ததும், வேறு யாருக்காவது கேள்வி உண்டா என்றார்கள். சுப்பாத்தாள் கையைத் தூக்கினாள்.

“ஏனுங்க அம்மணி, அந்தக் குளோரின் உப்பை உட்டுப்போட்டு எங்க போகுதுங்க?”

அரங்கில் சிரிப்பு எழுந்தது. தாஜுன்னிசா சிரிக்கவில்லை.

“கொஞ்ச நேரம் காத்துல சுத்துமுங்க அக்கா. பொறகு மழையில கரைஞ்சு மண்ணுக்கு எறங்கிரும். அதுக்குள்ள வேற எதெதுகூடச் சேர்ந்து என்ன பண்ணுதுன்னு எனக்கு இன்னும் முழுசாத் தெரியலீங்க. இனிமேதான் பார்க்கோணும்.”

பட்டம் உறுதி என்று அறிவித்ததும் மூவருமாக டவுன் பஸ்ஸில் வீட்டுக்குக் கிளம்பினார்கள். நல்ல கூட்டம். “டாக்டர் அம்மாவுக்கு எடம் உடுங்க” என்று சுப்பாத்தாள் அதட்டியதில் ஒரு பெண் எழுந்து இடம் கொடுத்தாள். கண்டக்டர் மரியாதையாகக் குனிந்து, “எந்த ஆஸ்பத்திரிங்க மேடம்?” என்று கேட்டார்.

“ஆஸ்பத்திரி இல்லீங்க, இவிங்க உப்பு டாக்டரு” என்றாள் சுப்பாத்தாள்.

கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்த நசுருதீனுக்குச் சிரிப்பு அடங்குவதற்குள் கணபதி வந்துவிட்டது.